நான்கு நிமிடத்தில் இருநூறு ஆண்டு

என் மகளுக்குக் கல்லூரியில் கொடுத்த வேலை இதுதான்: நான்கு நிமிடத்துக்கு மிகாமல் ஒரு மியூசிக் வீடியோ எடுக்க வேண்டும். பாட்டு சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும். கதை என்ன, கரு என்ன, ஏன் இந்தக் கரு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து விரிவுரையாளரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அதுவரை கேமராவைத் தொடக்கூடாது. இந்தக் கடைசி விதியைப் போட்டவர் யாரோ, நிறைய பட்டவராகத்தான் இருக்க வேண்டும்.

குழுவில் ஐந்து பேர். இயக்குநர் என் மகள். இசையமைப்பாளன் ஒரு பையன். உறுமியில் தொடங்கி வயலின் வரை எல்லாவற்றையும் தன் படுக்கையறையில் கணினியிலேயே வாசித்துவிடுவான். கேமராவுக்கு ஒருவன். எடிட்டிங்குக்கு ஒரு பெண். அதிகம் பேசமாட்டாள், யார் எதைச் சொன்னாலும் "அது கட் ஆயிடும்" என்று மட்டும் சொல்வாள். கதாநாயகன் ஒருவன். அவனிடம் ஒரு பழைய ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிள் இருந்தது. நடிப்புத் தகுதி அதுதான்.

கூட்டம் நடந்த இடம் ஆயர் குரோவில் எங்கள் வீட்டு முன்கூடம். புக்கிட் பெருவாங் மாமாக் கடையில் உட்கார்ந்தால் தே தாரேக்குக்கு வெள்ளி எடுத்து வைக்க வேண்டும், என் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்ப்பவன். இருந்தாலும் மைலோவும் பிஸ்கட்டும் கரைந்த கணக்கை அவர்களிடம் காட்டவில்லை.

முதல் கூட்டத்தில் கரு என்று வெள்ளைப் பலகையில் ஏறியவை: தாய்ப்பாசம், ஒருதலைக் காதல், குண்டர் கும்பலில் சேர்ந்து திருந்துவது, தமிழ்மொழி, போதைப்பொருள் ஒழிப்பு, மழை. "மழை எப்படிடா தீம் ஆகும்?" என்று கேட்டாள் என் மகள். "அது பேக்ரவுண்ட் தீம்" என்றான் கேமராக்காரன். கதாநாயகன் ராப் வேண்டும் என்றான். யோகி பி-யும் நட்சத்திராவும் 2006-இல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்து மலேசியத் தமிழ் ராப்பைத் தமிழ்நாடு வரைக்கும் கொண்டுபோனார்களே, அதிலிருந்து இங்கே பிறக்கும் ஒவ்வொரு பையனும் கையைக் கட்டிக்கொண்டு சுவர் முன்னால் நிற்கக் கற்றுக்கொண்டுதான் வருகிறான். எங்கள் வேலிச் சுவர் முன்னால் அவன் நின்றும் காட்டினான். பின்னால் காய்ந்துகொண்டிருந்த என் கைலியை எடுக்கச் சொன்னார்கள்.

எல்லாக் கருவையும் வைத்துக்கொள்வது என்றுதான் முடிவானது. கணக்குப் பார்த்தேன்: ஒரு கருவுக்கு நாற்பது வினாடி. அந்த நாற்பது வினாடிக்குள் ஒருவன் கும்பலில் சேர்ந்து, அடிவாங்கி, அம்மா மடியில் படுத்துத் திருந்தியாக வேண்டும். மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' 1983-இல் கிட்டத்தட்ட 14 நிமிடம் ஓடியதே என்று வாதாடினான் கேமராக்காரன். அவருக்கு விரிவுரையாளர் இல்லை என்றேன்.

கரு முடிவாவதற்கு முன்பே இடம் பார்க்கப் போனார்கள். ஆயர் குரோவில் பிறந்தவர்களுக்கு இந்த நோய் உண்டு. இங்கே மிருகக்காட்சி சாலை இருக்கிறது, முதலைப் பண்ணை இருக்கிறது, வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, தாவரவியல் பூங்கா, ஏரி, நெடுஞ்சாலைக்கு மேலே பாலமாகக் கட்டிய சாப்பாட்டுக் கடை வரைக்கும் இருக்கிறது. காட்சிக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் கதைக்குத்தான் பஞ்சம். வண்ணத்துப்பூச்சியை மிக நெருக்கத்தில் எடுக்கும் லென்ஸ் கேமராக்காரனிடம் இருந்ததால் கதாநாயகிக்கு வண்ணத்துப்பூச்சி பிடிக்கும் என்று எழுதினார்கள். முதலை இருந்ததால் வில்லன் வந்தான். டிரோன் பறக்கவிடுவது பற்றியும் பேச்சு வந்தது. பத்து பெரண்டாம் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது என்று நினைவுபடுத்தினேன். விமானத்தையும் ஒரு ஷாட் எடுக்கலாம் என்று குறித்துக்கொண்டார்கள்.

கதாநாயகனுக்கு வேறு கணக்கு. 2001-இல் வந்த 'ஒன் டூ கா ஃபோர்' என்ற இந்திப் படத்துக்காக ஷாருக் கான் மலாக்காவுக்கு வந்து போனார். 2008-இல் மலாக்கா மாநிலம் அவருக்கு டத்தோ பட்டம் கொடுத்தது. "வெளியூர்க்காரருக்கே டத்தோன்னா, இங்கயே பொறந்த எனக்கு?" என்று கேட்டான். முதலில் மோட்டார் லைசென்சைப் புதுப்பித்துக்கொண்டு வா என்றாள் என் மகள்.

கதை திரும்பியது தாமான் மினியில். மலேசியாவின் 13 மாநிலங்களின் பாரம்பரிய வீடுகளையும் ஆசியான் நாடுகளின் வீடுகளையும் வரிசையாகக் கட்டி வைத்திருக்கிறார்களே, 1986-இல் திறந்தது, அங்கே போய்விட்டு மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "அப்பா, எல்லார் வீடும் இருக்கு. லயத்து வீடு மட்டும் இல்ல."

இருந்தால் மட்டும் யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்? ஒரு கூடம், ஒரு அறை, பின்பக்கம் குசினி, அடுத்த வீட்டுச் சண்டை கேட்கிற பலகைச் சுவர். ஆனால் அவள் சொன்னது எனக்கும் உறைத்தது. அன்றிரவே பலகையில் இருந்த ஆறு கருவும் அழிந்தன. ஒரே வார்த்தை: தோட்டம்.

நல்ல முடிவுதான். கெட்டது அடுத்த வரியில் வந்தது: "இருநூறு ஆண்டுக் கண்ணீர்."

நான்கு நிமிடத்தில் இருநூறு ஆண்டு. கப்பலில் தொடங்கி, கங்காணியின் சாட்டை, காடு அழிப்பு, ஜப்பான்காரன் காலத்துச் சயாம் ரயில்பாதை, தோட்டத் துண்டாடல், பட்டணத்துக்கு வருதல், கடைசியில் ஆர்எக்ஸ்இசட். 2021-இல் 'என்ஜாய் எஞ்சாமி' வந்ததிலிருந்து பாட்டி, மண், வேர் என்று பேசாத மாணவப் படமே கிடையாது. அது அருமையான பாட்டு. ஆனால் அது அறிவின் சொந்தப் பாட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த வள்ளியம்மாளின் கதையிலிருந்து பிறந்தது. இவர்கள் பார்த்த மூட் போர்டில் இருந்த பாட்டியோ இணையத்தில் கிடைத்த யாரோ ஒரு கிழவி. சுருக்கம் விழுந்த கை, மங்கலான வெளிச்சம், சாம்பல் நிறம். படப்பிடிப்புக்குக் கேமரன் மலைக்குப் போவதாகவும் திட்டம் இருந்தது. ஏன் என்றால், தேயிலை பச்சையாக அழகாக இருக்குமாம்.

"நாம கித்தாத் தோட்டத்து ஆளுங்கம்மா" என்றேன். மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் நட்ட முதல் தோட்டமே நம் பக்கத்தில்தான். டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் ரிட்லி சட்டைப் பையில் ரப்பர் விதையைப் போட்டுக்கொண்டு பார்க்கிறவரிடமெல்லாம் நடச் சொல்லி அலைந்து, பைத்தியம் என்று பெயர் வாங்கியிருந்த காலம். அவர் பேச்சைக் கேட்டவர்களில் இவர் முன்னோடி. பிறகு அசாகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லி முடித்தேன். "அங்க பார்க்கிங் இருக்குமா அங்கிள்?" என்றான் கேமராக்காரன்.

சரி, உண்மையான பாட்டியையே கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. என் அம்மா இருபது வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர். முட்டி வலி தவிர எல்லாம் நினைவிருக்கும். முட்டி வலி நினைவில் அல்ல, முட்டியிலேயே இருந்தது. பேட்டி என்றதும் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பவுடரைத் துடைக்கச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

"பாட்டி, தோட்டத்துல உங்களால மறக்கவே முடியாத வலி எது?"

"முட்டி."

"அந்தக் காலத்துலயா பாட்டி?"

"அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. இங்க டைல்ஸ் வீட்டுக்கு வந்தப்புறம்தான்."

அழுத நாள் எது என்று கேட்டார்கள். யோசித்துவிட்டு, தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டும்போது மழை வந்து எம்ஜியார் பாதியில் நின்றுபோன நாளைச் சொன்னார். தாலாட்டு பாடச் சொன்னார்கள். பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போனதால் தாலாட்டு ஆயாவுக்குத்தான் தெரியும் என்றார். பேசப் பேச, சோக வயலினை முன்கூட்டியே போட்டு வைத்திருந்த இசையமைப்பாளன் முகம்தான் கறுத்துக்கொண்டு வந்தது.

அடுத்தது உடை. பாவாடை தாவணி, மல்லிகைப்பூ என்று வரைந்திருந்தார்கள். அம்மா படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். "இப்படிப் போனா மரத்துக்கிட்ட போறதுக்கு முன்னாடியே கொசு தின்னுட்டுப் போயிரும்" என்றார். புருசனுடைய முழுக்கைச் சட்டை, கைலி, தலையில் துணி, காலில் பூட்ஸ். அதுதான் உடை. கதாநாயகிக்கு ஆள் தேடும் வேலை அந்த நிமிடமே கடினமாகிப் போனது.

பிறகு வெளிச்சம். மாலை ஆறரை மணிக்குச் சூரியன் மஞ்சளாகச் சாயும்போது பால் வெட்டுவதாக ஸ்டோரிபோர்டில் இருந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. விடியுமுன் பெரட்டு, பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போய், தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்ட வேண்டும். குளிர்ச்சி இருக்கும்வரைதான் மரத்துக்குள் அழுத்தம் இருக்கும், பால் ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்து, பட்டையிலேயே உறைந்து ஒட்டுப்பாலாகிவிடும். இருட்டில் கேமரா என்ன பிடிக்கும்? பகலில் எடுத்து நீலமாக்கி இரவாகக் காட்டும் தந்திரம் சினிமாவில் பழையது. பிரான்சின் த்ருஃபோ 1973-இல் அந்தத் தந்திரத்தின் பெயரையே ஒரு படத்துக்கு வைத்தார். இதைக் கேமராக்காரன் பெருமையாக விளக்கினான். அம்மா பொறுமையாகக் கேட்டார். "நீ படத்த நீலமாக்குவ. மரத்துக்கு யாரு சொல்றது?"

நான் நடுவில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். ஒரே ஒரு யோசனை போதும். 2006-இல் 'ஓகே கோ' குழுவினர் எட்டு ட்ரெட்மில்லை வைத்துக்கொண்டு ஒரே ஷாட்டில் ஆடி உலகத்தையே பார்க்க வைத்தார்களே. பாப் டிலன் 1965-இல் பாட்டு வரிகளை அட்டையில் எழுதி ஒவ்வொன்றாகக் கீழே போட்டதற்கு அதைவிடச் செலவு குறைவு. "எட்டு ட்ரெட்மில் எங்க இருக்கு அங்கிள்?" என்று அறையின் மூலையைப் பார்த்தார்கள். அங்கே ஒன்று இருந்தது. துணி காய்ந்துகொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் எடிட்டிங் பெண் முதல் முறையாக முழு வாக்கியம் பேசினாள். "பாட்டி, உங்களுக்கு யார் மேலயாவது இன்னும் கோவம் இருக்கா?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கிராணி."

அடுத்த அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. மங்கிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து ஸ்டோருக்குப் பாலைக் காண்டாவில் சுமந்து கொண்டுபோய் ஊற்றுவார்கள். எத்தனை லிட்டர் என்பது பாதிக் கணக்குதான். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க மெட்ரோலாக் என்ற ஒரு மிதவையைப் போடுவார்கள். ரப்பர் தண்ணீரைவிட லேசு. அதனால் நல்ல கெட்டிப் பாலில் மிதவை ஆழமாக இறங்கும்; தண்ணீர் கலந்திருந்தால் மேலேயே நிற்கும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை வைத்துத்தான் சம்பளம். பார்த்த கோட்டைவிடக் குறைவாகப் புத்தகத்தில் எழுதிவிட்டு, "தண்ணி கலந்துட்ட" என்று பழியையும் போட்டுவிடுவாராம் அந்தக் கிராணி. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கோடு எண்ணத் தெரியும். ஒரு நாள் மிதவை நின்ற இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "எத்தன கோடு? நீயே எண்ணு!" என்று கத்தியிருக்கிறார். கிராணி எண்ணினார். மறுநாள் மண்டோர் எண்ணினார். அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடத் தெருவில் அவரைக் கண்டால் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். மாற்றல் கேட்டு வேறு தோட்டத்துக்கே போய்விட்டாராம் மனுசன்.

எத்தனையோ ஆண்டாக அவருக்கு மகனாக இருக்கிறேன், இந்தக் கதை எனக்குத் தெரியாது. நானும் அவரிடம் சாப்பிட்டாச்சா, மருந்து போட்டாச்சா என்பதைத் தவிர எதையும் கேட்டதில்லை.

இசையமைப்பாளன் மேசையில் தாளம் போட ஆரம்பித்திருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே உறுமி ஏறுவது அவனுக்கு அங்கேயே கேட்டுவிட்டது. "அப்ப வயலின்?" என்றான் கொஞ்சம் ஏக்கமாக. "அது கட் ஆயிடும்" என்றாள் எடிட்டிங் பெண். கப்பல் போனது, சயாம் ரயில் போனது, கேமரன் மலை போனது, முதலை போனது. ஆர்எக்ஸ்இசட்டுக்காகக் கதாநாயகன் கடைசிவரை போராடினான். கடைசியில் வாளி தூக்குகிறவன் வேடத்துக்கு ஒத்துக்கொண்டான். ஜாசின் பக்கம் ஒரு பாக்சிக், தம் சொந்தக் கித்தா மரங்களை இன்னும் தாமே வெட்டுகிறார். விடியற்காலை வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்ன நேரத்தைக் கேட்டுக் கேமராக்காரன் இரண்டு முறை திருப்பிக் கேட்டான். இருட்டுக்கு வழி அம்மாவே சொன்னார்: தலைவிளக்கு வெளிச்சம் விழுகிற இடம் மட்டும் தெரிந்தால் போதும், நாங்கள் பார்த்தது அவ்வளவுதான்.

கருத்துத் தாளில் 'இருநூறு ஆண்டுக் கண்ணீர்' இருந்த இடத்தில் இப்போது ஒரே வரி: எழுதத் தெரியாத ஒரு பெண், எழுதத் தெரிந்தவனை எண்ண வைக்கிறாள். விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டு ஒப்புதல் கொடுத்துவிட்டார்: கிராணியாக நடிக்கப்போவது யார்?

அன்று மாலைக் கூட்டத்தில் அதைத்தான் பேசினார்கள். சட்டையை உள்ளே விட்டுப் பையில் பேனா குத்தியிருக்க வேண்டும், கணக்குப் பார்த்துப் பார்த்துச் சிடுசிடுத்த முகமாக இருக்க வேண்டும், கொஞ்சம் தொப்பை இருந்தால் நல்லது. சொல்லச் சொல்ல ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சரியா இருப்பான்" என்றார்.

ஒத்திகை சனிக்கிழமைதான். அம்மா இப்போதே தொடங்கிவிட்டார். காலையில் காப்பி கேட்டேன்; கோப்பையை வைத்துவிட்டு அதில் விரலை நீட்டி, "எத்தன கோடு?" என்கிறார்.