எல்லாம் கொக்குதான்: ரவாங் ஈயக்குட்டைப் பறவைகள் குறித்த ஒரு வகைப்பாட்டு ஆய்வு

1. ஆய்வுக்களம்

ரவாங் ஈயத்தால் பிழைத்த ஊர். தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் 1894-இல் இங்குள்ள தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். மலாயாவின் முதல் மின்சாரம் எங்களுடையது என்று ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லிக்கொள்வார்கள். ஈயம் தீர்ந்தபின் தோண்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கியது. நீருக்கு மீன் வந்தது, மீனுக்குக் கொக்கு வந்தது, கொக்குக்கு இவ்வாய்வாளர் வந்தார்.

நிலத்தை ஐந்தாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் பறவை ஒதுக்கிய நம் இலக்கணத்தார், ஈயக்குட்டைக்குத் திணை வகுக்காமல் போய்விட்டனர். அக்குறையைத் தீர்ப்பதே நோக்கம்.

2. ஆய்வு முறை

குட்டைக்கரை ஒட்டுக்கடை, காலை ஏழு முதல் ஒன்பது வரை. கருவிகள்: இரவல் பைனாகுலர், கோப்பி ஓ. தகவலாளி: பால்மரம் வெட்டி ஓய்ந்த, எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர்.

3. வகைப்பாடு

(அ) பெயரால்: "எல்லாம் கொக்குதான் தம்பி" என்றார் பெரியவர். இவ்வாய்வாளர் திருத்தினார்: கருங்காலில் மஞ்சள் விரல் இருந்தால் சின்னக் கொக்கு, வாய்ப்பிளவு கண்ணைத் தாண்டிப் பின்னே ஓடினால் பெரிய கொக்கு, பறக்கையில் கழுத்தை மடக்கினால் கொக்குக் குடும்பம், நீட்டினால் நாரைக் குடும்பம். அந்நேரம் பார்த்து ஒரு செந்நாரை கழுத்தை மடக்கிக்கொண்டே கடந்துபோனது. பெயரில் நாரை, பிறப்பில் கொக்கு. பெரியவர் சிரித்தார். அவர் தனியாளில்லை, 1758-இல் லின்னேயசும் கொக்கு, நாரை, பெருங்கொக்கு எல்லாவற்றையும் 'ஆர்டியா' என்ற ஒரே பேரினத்தில்தான் போட்டார்.

(ஆ) நிறத்தால்: சேற்றில் ஒரு மண்ணாங்கட்டி கிடந்தது. பெரியவர் கைதட்டினார். கட்டி எழும்பி, பளீரென்று வெள்ளைச் சிறகை விரித்துப் பறந்தது: மடையான். சீன மடையானா, ஜாவா மடையானா? இனப்பெருக்கக் காலத்தில் முன்னதன் தலையும் கழுத்தும் கருஞ்சிவப்பு, பின்னதன் தலை வெளிர்பொன். மற்ற மாதங்களில் இரண்டும் ஒரே பழுப்புக் கோடு. கைதேர்ந்தவர்களும் அப்போது 'ஏதோ ஒரு மடையான்' என்றுதான் குறிப்பெழுதுவார்கள். மடையான் கரையில் இருக்கிறதா, பைனாகுலரின் இந்தப் பக்கமா என்பது மேலாய்வுக்குரியது.

(இ) ஐசியால்: பறவைப் பட்டியல்கள் உள்ளூர்வாசி, வலசை, புகுத்தப்பட்டது என்று பிரிக்கின்றன. ரவாங் வாசகருக்கு இதை ஐசி என்னும் அடையாள அட்டையால் எளிதாக்கலாம்: குடிமகனுக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு.

நீல ஐசி: வெண்மார்புக் கானாங்கோழி. லோங்காங் ஓரத்தில் வாலை உதறி உதறி நடக்கும். அதன் குரலையே பெயராக்கி 'ருவாக்-ருவாக்' என்று மலாய்க்காரர் அழைப்பதால் குடியுரிமையில் ஐயமில்லை.

பெர்மிட்: சீன மடையான். ஆண்டிறுதி நெருங்கும்போது வடக்கிலிருந்து வரும். ஏப்ரல் வாக்கில் திரும்பும்.

சிவப்பு ஐசி: மஞ்சள்மூக்கு நாரை. 1963-இல் திறந்த ஜூ நெகாராவில் கூண்டின்றி வளர்ந்த கூட்டத்தின் வழிவந்தது. இங்கேயே கூடு கட்டி, இங்கேயே குஞ்சு பொரித்து, குட்டை குட்டையாக இறங்கி மீன் பிடிக்கிறது. பட்டியலில் மட்டும் இன்னும் வெளியாள்.

"அதுக்கு எப்ப நீலம் கிடைக்கும்?" என்று கேட்டார் பெரியவர்.

"இங்கேயே பொறந்தாலும் கஷ்டம்தான் ஐயா."

அவர் பர்சைத் திறந்து தன் அட்டையை மேசைமேல் வைத்தார். சிவப்பு. பிறந்த இடத்தைக் குறிக்கும் இலக்கங்களில் சிலாங்கூர்.

4. முடிவு

மூன்றாம் வகைப்பாடு ஆய்விலிருந்து நீக்கப்படுகிறது. காரணம்: இரண்டு கோப்பிக்கும் தகவலாளியே காசு கொடுத்துவிட்டதால் ஆய்வாளரின் நடுநிலை கெட்டுவிட்டது. மஞ்சள்மூக்கு நாரைக்கு எதிரே 'கொக்கு, ரவாங்' என்று மட்டும் பதியப்பட்டுள்ளது.