பாறை ஏறும் பொம்மை லாரி

டிராக்சாஸ் டிஆர்எக்ஸ்-4, 2017இல் வந்த 1:10 அளவு ரிமோட் வண்டி. பெட்டியிலிருந்து எடுத்த அன்றே பாறை ஏறும். போர்ட்டல் ஆக்சில், ரிமோட்டிலேயே பூட்டித் திறக்கும் டிஃபரென்ஷியல், இரண்டு வேக கியர், எல்லாம் உண்டு. ஏறுகிறதே என்று சும்மா விட்டால் அப்புறம் என்ன ஆர்வலன்? எடை கீழே இருந்தால் கவிழாதாம். சக்கரத்துக்குள் பித்தளை வளையம் மாட்டுவான். கனம் தாங்காமல் ஸ்டியரிங் சர்வோ முனகும். பெரிய சர்வோ வரும். அது குடிக்கும் கரண்டுக்குத் தனியாக ஒரு சர்க்யூட் வரும்.

இத்தனைக்கும் பிறகு அதையே தாவவிடவும் ஆசை வரும். பாறைக்கு 55 சுற்று மோட்டார் போதும். வேகம் கம்மி, இழுவை ஜாஸ்தி. தாவலுக்கோ பிரஷ்லெஸ் மோட்டாரும் 11.1 வோல்ட் லிப்போ பேட்டரியும். ஏர் மாட்டை ரேக்ளாவில் பூட்டின கதைதான். பித்தளையைச் சுமந்து பறந்தது தரையைத் தொடும்போது பிளாஸ்டிக் பாகம் ஒன்று 'படக்'. எஃகில் போட்டால், அடுத்த தடவை அதற்குப் பக்கத்துப் பாகம் உடையும். கடைசியில் கம்பெனி கொடுத்ததில் மிச்சம் மேல்கூடு மட்டும். அதிலும் பெயின்ட் புதுசு.

வீட்டில் விலை கேட்டால் மட்டும், பெட்டியில் ஒட்டியிருந்த விலையைத்தான் சொல்வான்.