சென்னை–பெங்களூரு வான்வழித் தூரம்: ஒரு மறு ஆய்வு

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர் என்றும், விமானத்தில் ஒரு மணி நேரம் என்றும் இதுகாறும் கொள்ளப்பட்டு வந்துள்ளது. இவ்விரண்டும் விமானத்தைப் பற்றிய தகவல்களேயன்றிப் பயணியைப் பற்றியவை அல்ல என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு விமானத் துறையில் ‘பிளாக் டைம்’ என்று பெயர். சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை இங்கே எடுப்பது தொடங்கி, அங்கே மறுபடி வைப்பது வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முன்னால் நிற்கும் விமானம் கிளம்பட்டும் என்று காத்திருப்பதும் இதில் அடக்கம். வானத்தில் இருப்பது என்னவோ முக்கால் மணிதான். ஏறி முடித்த கையோடு இறங்கத் தொடங்கிவிடும். பெல்ட் விளக்கு அணைந்து, தள்ளுவண்டி நடு வரிசைக்கு வந்து, முந்திரி டப்பா கேட்டவர் கார்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே இருக்கையை நிமிர்த்தச் சொல்லி அறிவிப்பு வந்துவிடுகிறது.

அற்றேல் பயணம் விரைவானதன்றோ எனின், அன்று. இரண்டு மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறது விமான நிறுவனம். அப்பாக்கள் மூன்று என்பர். இவ்விரு மரபுகளுள் அப்பா மரபே வீடுகளில் செல்லுபடியாகிறது.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கிடையே 1967 முதல் விமானம் ஓடுகிறது. தூரம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. நேரம் இரண்டு நிமிடம் போல. அங்கே சொன்ன நேரத்துக்கு வீடு போய்ச் சேரலாம். ஏனெனில் அங்கே பெங்களூரு விமான நிலையச் சாலையின் ஹெப்பால் மேம்பாலம் இல்லை.

இனி முக்கியச் சான்று. 2008 மே வரை பெங்களூரு விமான நிலையம் ஊருக்குள்ளேயே, எச்.ஏ.எல். வளாகத்தில் இருந்தது. பிறகு தேவனஹள்ளிப் பக்கம், நகரின் நடுவிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. திப்பு சுல்தான் பிறந்த ஊர். அங்கே இறங்குவதில் யாருக்கும் மனக்குறை இருக்க நியாயமில்லை. ஆனால் சென்னையிலிருந்து போகிறவர்களில் பலருக்கு வேலை எலக்ட்ரானிக் சிட்டியில். அதுவோ ஊரின் மறு கோடியில், ஓசூர் சாலையில் இருக்கிறது. ஆகவே அன்னார் மேற்கே பறந்து, வடக்கே இறங்கி, டாக்சி பிடித்து ஊர் முழுவதையும் தெற்காகக் கடந்து, வந்த திசைக்கே திரும்புகிறார். அலுவலக வாசலில் இறங்காமல் இன்னும் கொஞ்சம் போனால் அத்திப்பள்ளி. அதற்கப்பால் ஓசூர், அதாவது தமிழ்நாடு. தமிழ்நாட்டை விட்டுப் போகக் கொடுத்த காசு ஒன்று, தமிழ்நாட்டை நோக்கி வரக் கொடுக்கும் காசு மற்றொன்று. சில மாலைகளில் இரண்டாவதே அதிகம்.

2022 நவம்பரில் வந்த வந்தே பாரத் ரயில் நாலரை மணி நேரத்தில் பெங்களூரு நகருக்குள் கொண்டுபோய் இறக்குகிறது. விமானக் கட்சியினர் இதைப் பேச விரும்புவதில்லை.

கள ஆய்வுத் தரவு ஒன்று போதும். தரை தொட்டதும் எல்லோரும் எழுந்து, தலைக்கு மேலுள்ள பெட்டி அறைக்குக் கீழே கழுத்தைச் சாய்த்தபடி நின்று வீட்டுக்குப் பேசுகிறார்கள்.

“லேண்ட் ஆயிட்டேன்மா.”

“அதுக்குள்ளயா! சரி, போய்ச் சேர்ந்ததும் சொல்லு.”

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டரை மணி நேரம் கழித்து அவர் மறுபடி கூப்பிடும்போது மகன் சில்க் போர்டு சிக்னலில் நிற்கிறான். அவனை இறக்கிவிட்ட விமானம் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு மீனம்பாக்கத்துக்கே திரும்பிவிட்டது.