லாக் வயர்

சொந்தமாக விமான கம்பெனி நடத்தியவரின் ஊர் எங்கள் ஊருக்குப் பக்கம்தான். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் லண்டனில் பாரிஸ்டர் படித்த காலத்தில் குராய்டனில் விமானம் ஓட்டவும் கற்றார். 1940-களின் இறுதியில் அவருடைய ஜூபிடர் ஏர்வேஸின் டகோட்டாக்கள் பறந்தன. கானாடுகாத்தான் பக்கம் உலகப் போர்க்கால ஓடுதளமும் உண்டு. இருந்தும், காரைக்குடி செக்காலையிலிருந்து விமானப் பராமரிப்பு படிக்க நான் சென்னைக்குத்தான் போனேன். என் அக்கா மகளும் இப்போது அங்கேதான் படிக்கிறாள்.

ஹேங்கரில் சேர்ந்ததும் எங்கள் கையில் கொடுத்தது லாக் வயர். அதிர்வில் போல்ட் கழன்றுவிடாதபடி, துளையிட்ட போல்ட் தலைகளைக் கோத்துக் கட்டும் எஃகுக் கம்பி. 0.032 அங்குலக் கம்பி என்றால் அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டு முறுக்கு. கம்பியின் இழுப்பு போல்ட்டை இறுக்கும் பக்கமாகவே இருக்க வேண்டும்; மாறிப்போனால் கட்டியும் பயனில்லை. சீனியர் விரலால் தடவிப் பார்ப்பார். பிடிக்கவில்லையென்றால் வெட்டிப் போட்டுவிட்டு, “புதுக் கம்பி எடுத்துக் கட்டுப்பா” என்பார். வெட்டிய துணுக்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் காட்டிய பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பலாம். இன்ஜினுக்குள் ஒரு துணுக்கு கிடந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் புத்தகத்தில் படிக்கும் முன்பே தெரிந்துகொண்டது அப்படித்தான்.

அரிமானம் பார்க்க அன்று எங்களிடம் இருந்தவை டார்ச்சும் கண்ணாடியும். பெயின்ட் கொப்புளம்போல உப்பியிருந்தால் சுரண்டிப் பார்ப்போம். இன்று எடி கரன்ட் கருவி, கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் காட்டுகிறது. இன்ஜினைப் பிரிக்காமலே போரோஸ்கோப் உள்ளே போய் பிளேடுகளைப் படமெடுக்கிறது. எத்தனை உயிர்களுக்கு நல்லது! அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி, அழகப்பர் கொடுத்த நிலத்தில் 1953-லிருந்து காரைக்குடியிலேயே இயங்குகிறது என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

தேர்வும் மாறிவிட்டது. நாங்கள் பக்கம் பக்கமாக எழுதி, பிறகு வாய்மொழித் தேர்வில் வியர்த்தோம். அக்கா மகளுக்கு மாட்யூல் மாட்யூலாகப் பெரும்பாலும் கொள்குறி வினாக்கள். “போல்ட் டார்க் அளவெல்லாம் மேனுவல்ல இருக்கு மாமா, எதுக்கு மனப்பாடம்?” என்றாள். அவள் சொல்வதுதான் சரி. மேனுவலைத் திறக்காமல், ஞாபகத்தை நம்பி ஸ்பேனர் பிடிப்பது ஆபத்து.

என் கவலை வேறு. பராமரிப்புப் பொறியாளர் உரிமத்தின் பி1 பிரிவுக்கு 2,400 மணி நேரப் படிப்பு. அதில் ஏறக்குறைய பாதி செய்முறை. அந்த நேரத்தை, ஸ்டார்ட் ஆகாத பழைய விமானத்தைச் சுற்றி நின்று குறிப்பெடுத்தே தீர்த்துவிடுகிற பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் வருகைப் பதிவேட்டோடு நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு லாக் வயரைக் கொடுத்து, கட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.