மொட்டை மூஞ்சி

ஏழாயிரம்பண்ணையில் அப்பா ஓட்டிய லாரிக்கு ‘மொட்டை மூஞ்சி’ என்று பேர். எஞ்சின் முன்னால் நீண்டிருக்காது. டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பேர் தொடையையும் சுட்டுக்கொண்டே வரும். முன்கண்ணாடி மேலே முன்தள்ளி, கீழே உள்வாங்கியிருக்கும். வெயில் பட்டு மினுங்கி, பறக்கிற விமானத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று வைத்த சாய்வு அது. அந்தக் கண்ணாடி வழியாக அப்பா பார்த்ததெல்லாம் கரிசல் காடும் செங்கோட்டை மலையும்தான்.

கனடாவில் செய்த செவர்லெ. இரண்டாம் உலகப் போருக்காக அந்த நாடு 8 லட்சத்துக்கும் மேல் ராணுவ வண்டிகளைச் செய்தது. போர் முடிந்ததும் இந்தியாவில் மிஞ்சியவற்றை அரசாங்கம் ‘டிஸ்போசல்’ என்று விற்றது. புது லாரி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். ஜாம்ஷெட்பூரில் டாடா-மெர்சிடிஸ் லாரி வந்ததே 1954-ல்தான். அப்பாவின் முதலாளி வாங்கியபோது அது மூன்று கை மாறியிருந்தது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பூட்டியிருந்தார்கள்.

குண்டு சுமக்கச் செய்த வண்டி, அடுப்புப் பற்றவைக்கிற குச்சிக்கு மரம் சுமந்தது. தீப்பெட்டி ஆபீசுகளுக்கு மெதுமரம் கேரளாவிலிருந்து வரவேண்டும். ஆரியங்காவு தாண்டி, தென்காசி, சங்கரன்கோவில், திருவேங்கடம் வழியாக வரும்போது ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கி நிற்கும். “ஏ தம்பி, கட்டையப் போடுறா!” என்று அப்பா கத்தும் முன்னே கிளீனர் குதித்துப் பின்சக்கரத்துக்கு அடை கொடுத்திருப்பார்.

அதன் அருமை ஐப்பசியில் தெரியும். கரிசல் நனைந்தால் செருப்பு காலைவிட்டு வராது, மாட்டுவண்டிச் சக்கரம் இரண்டு மடங்கு தடித்துவிடும். மற்ற லாரிகள் ஊருக்கு வெளியே ரோட்டிலேயே நின்றுவிடும். மொட்டை மூஞ்சிக்கு நாலு சக்கரமும் இழுக்கும். அப்பா கீழேயிருக்கும் லிவரைத் தள்ளுவார். சகதியை இரண்டு பக்கமும் வாரியடித்துக்கொண்டு அது ஆபீஸ் வாசல்வரை போய் நிற்கும். மரம் வந்தால்தான் மறுநாள் தீக்குச்சி அடுக்குகிற பெண்களுக்குக் கூலி. வாசலில் நின்று அவர்கள் அந்த லாரியைப் பார்த்த பார்வையை நான் வேறெந்த வண்டிக்கும் பார்த்ததில்லை.

இங்கிலாந்தில் அதே போருக்காகச் செய்த எல்சிடி 7074 என்றொரு தரையிறங்கு படகு இருக்கிறது. 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் 10 டாங்கிகளை இறக்கியது. போருக்குப் பிறகு லிவர்பூலில் கேளிக்கை விடுதியாகப் பிழைத்து, கடைசியில் பர்க்கன்ஹெட் துறைக்குள் மூழ்கிப்போனது. 2014-ல் அதைத் தூக்கியெடுத்து, பழுதுபார்த்து, 2020-ல் போர்ட்ஸ்மவுத் சவுத்சீ கடற்கரை அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சேற்றிலிருந்து எடுக்கத் தகுந்தது என்று யாரோ நினைத்திருக்கிறார்களே!

இப்போது எங்கள் ஊருக்குள் மழைக்காலத்திலும் தார் ரோட்டில் பத்துச் சக்கர லாரி வந்து நிற்கிறது. நல்லதுதான், அப்பா பட்ட பாடு இன்றைய டிரைவர்கள் படவேண்டாம். மொட்டை மூஞ்சியைச் சாத்தூரில் எடைக்குப் போட்டார்கள். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

யார் தோட்டத்திலாவது, கருவேல மரத்தடியிலாவது இன்னொன்று துருப்பிடித்துக் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். சொல்லியனுப்புங்கள், நான் வந்து பார்க்கிறேன்.