பூட்டியது யார்?

கேள்வி: மதர்போர்டு மாற்றியதிலிருந்து என் லேப்டாப் நீலத் திரை காட்டி 48 இலக்க எண் கேட்கிறது. நான் பூட்டு எதுவும் போடவில்லையே! மகள் கல்யாணப் படமெல்லாம் அதில்தான் இருக்கிறது.
— ஒரு வாசகர், கம்போளம், கோட்டாறு

பதில்: பூட்டியது விண்டோஸ். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும் புதுக் கணினிகள் பலவற்றில் வட்டு முழுவதும் தானாகவே குறியாக்கம் ஆகிவிடுகிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. திறவுகோலைக் காத்த டிபிஎம் சிப் பழைய போர்டோடு போய்விட்டது. திருடனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரரையே வாசலில் நிறுத்திவிட்டது! வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அதே எண்ணைத்தான் கேட்கும்.

லேப்டாப்பை முதன்முதலில் தொடங்கியபோது யாருடைய ஈமெயிலைக் கொடுத்தீர்கள்? உங்களுடையதா, மகனுடையதா, விற்ற கடைப் பையனுடையதா? அந்த ஈமெயிலின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் மீட்புச் சாவி, அதாவது அந்த 48 இலக்க எண், இருக்க வாய்ப்பு அதிகம். அது கிடைக்கும்வரை யாரையும் ஃபார்மட் செய்ய விடாதீர்கள். பழைய போர்டையும் எறியாதீர்கள். சாவி எங்குமே இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது. திறந்துவிட்டால் அன்றே படங்களை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். அந்த எண்ணைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள்.