அடுத்த வீட்டு விசில்: ஓடிடிக்கு மாறிய குடும்பங்களின் காலக் குழப்பம் பற்றிய ஆய்வுரை

மொட்டைமாடி டிஷ்ஷைத் துண்டித்துவிட்டு ஃபைபர் இணைப்பின் வழி ஓடிடிக்கு மாறிய வீட்டில் நேர்ந்த மாற்றம் யாது என்று கேட்டால், இதுவரை அனைவரும் செலவுக் கணக்கையே விடையாகச் சொல்லி வருகின்றனர். 2019 பிப்ரவரியில் டிராய் கொண்டுவந்த கட்டண முறையில், நூறு சேனல் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு மட்டும் 130 ரூபாயும் ஜிஎஸ்டியும் ஆயின. கட்டணச் சேனல்களுக்குத் தனிக் காசு. அந்தக் கூட்டல் கழித்தல் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. குடும்பம் எந்த நொடியில் வாழ்கிறது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

முன்வரலாறு சிறிது. 1993 தமிழ்ப் புத்தாண்டில் சன் டிவி வந்தது. டிஷ் வழியே வரும் டிடிஎச் சேவையாக 2003இல் டிஷ் டிவி, 2006இல் டாடா ஸ்கை. அக்காலத்தில் மாலையில் தெருமுனையில் காதில் விழுந்த சீரியல் பாட்டு, நடந்து வீடு போய்ச் சேரும்வரை அறுபடாமல் ஒவ்வொரு ஜன்னலிலும் தொடர்ந்தது. மொத்தத் தெருவும் ஒரே நொடியில் அழுதது என்பது பெறப்படும்.

அந்த ஒற்றுமை குலைந்தது எங்ஙனமெனின், கூறுதும்.

டிடிஎச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. படம் மேலே போய்க் கீழே வர ஏறத்தாழ 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் இது கால் நொடிப் பயணம். படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் மேலும் சில நொடி சேரும். ஃபைபரோ தெருக் கம்பத்திலிருந்து நேரே ஹாலுக்குள் வருகிறது. ஆயினும் விண்வெளிக்குப் போய்த் திரும்பியவரே முதலில் வருகிறார். தெருக்கோடியில் இருந்தவர் தாமதம்.

காரணம் தூரமன்று, பரிமாறும் முறை. ஆப்பிள் நிறுவனம் 2009இல் வெளியிட்ட எச்எல்எஸ் என்ற முறை இன்று பரவலாகப் புழங்குகிறது. அது படத்தைத் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. துண்டு ஒன்றுக்கு ஆறு நொடி என வைத்துக்கொண்டால், குறைந்தது மூன்று துண்டு பின்னால் இருந்தே நேரலையைத் தொடங்க வேண்டும் என்பது விதி. மூன்று ஈடு இட்லி வெந்து ஹாட்பாக்ஸில் சேர்ந்த பிறகே இலை போடுவேன் என்கிற மாமியின் கொள்கை இது. நடுவில் அடுப்பு அணைந்தாலும் பந்தி நிற்காது. ஆனால் முதல் இட்லிக்குப் பதினெட்டு நொடி காத்திருக்க வேண்டும்.

பதினெட்டு நொடியில் என்ன ஆகிவிடும் என்று வினவுவோர் கிரிக்கெட் பார்க்காதவர் என்க.

சான்று: 2023 ஐபிஎல் இறுதி ஆட்டம், அகமதாபாத். மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மே 30 அதிகாலை ஒன்றரை மணியைத் தாண்டி முடிந்தது. கடைசி இரண்டு பந்தில் சென்னைக்கு 10 ரன் வேண்டும். மோகித் சர்மா வீச, ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. அன்று ஒரே சமயத்தில் 3.2 கோடிப் பேர் தன் வழியே பார்த்ததாக ஜியோசினிமா செயலி அறிவித்தது. அவர்களில் எவர் வீட்டுக்குப் பக்கத்தில் டிஷ் இருந்ததோ, அவருக்கு மோகித் சர்மா ஓடிவரத் தொடங்கும் முன்பே சுவர் வழியாக விசில் வந்துவிட்டிருக்கும். சாம்பியன் யாரென்று தெரிந்துகொண்டு நகம் கடிக்க வேண்டிய நிலை.

இதனால் ஓடிடி வீட்டாரிடம் ஒலி நுணுக்கம் வளர்ந்துள்ளது. நீண்டு ஏறும் கூச்சல் சிக்ஸர். ஏறிப் பாதியில் அடங்குவது எல்லைக்கோட்டில் கேட்ச். ‘ச்சே’ என்ற ஒற்றைச் சொல்லோடு நாற்காலி நகரும் ஓசையும் சேர்ந்தால் ரன் அவுட்.

அற்றேல், ஓடிடி என்றும் பின்தங்கியதோ எனின், அன்று. ஹாட்ஸ்டார் 2019இல் 365 ரூபாய்க்குக் கொண்டுவந்த விஐபி சந்தாவில், ஸ்டார் குழுமத் தொடர்கள் டிவிக்கு முன்பாகக் காலை 6 மணிக்கே கிடைத்தன. ஆக, ஆட்டத்தில் பதினெட்டு நொடி பிந்திய வீடு, சீரியலில் அரை நாள் முந்தியது. இரவு கேட்ச்சை முன்கூட்டியே சொல்லிக் கெடுத்த பக்கத்து வீட்டம்மாளிடம், காலையில் தண்ணீர் பிடிக்கும்போது மருமகள் இன்று வீட்டை விட்டுப் போகிறாள் என்று சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிட்டது.

மழையில் டிஷ் படுத்துவிடும் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. டிஷ்ஷுக்குப் படம் கொண்டுவரும் கேயூ பேண்ட் அலையின் நீளம் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான். ஐப்பசி அடைமழையின் பெருந்துளிகளுக்கு அதை உறிஞ்சிச் சிதறடிப்பது எளிது. திரையில் ‘நோ சிக்னல்’ வந்தபின் டிஷ் வீட்டில் விசில் ஓய்கிறது. அப்போது ஓடிடி வீட்டார் முன்னறிவிப்பின்றி ஆட்டம் பார்க்கிறார்கள், கரண்ட் இருக்கும்வரை.

தீர்வாகச் சிலர் பழைய செட்டாப் பாக்ஸைப் பரணில் ஏற்றாமல் வைத்திருந்து, ஐபிஎல் மாதங்களுக்கு மட்டும் ரீசார்ஜ் செய்கின்றனர். தெரு முழுதும் ஒரே செயலிக்கு மாறினால் போதும் என்ற கருத்தும் உண்டு. அது நில்லாது. ஒரே வீட்டில், ஒரே செயலியில், அப்பாவின் டிவிக்கும் மகனின் போனுக்கும் இடையே கூடச் சில நொடி வித்தியாசம் வரும். உள்ளறையிலிருந்து ‘அவுட்டு’ என்ற குரல் முதலில் கிளம்புகிறது. மேட்ச் முடியும்வரை போன் ஹாலில்தான் இருக்க வேண்டும் என்ற சட்டம் அப்போது அம்மாவின் வாய்வழியே பிறக்கிறது. அதன் அமலாக்கம் தனி ஆய்வுக்குரியது.